நைனாவின் ஊமைக்கட்டை

உத்திரமேரூரில் பத்திரப் பதிவு ஆபீஸுக்கு எதிரே, பத்திரம் எழுதும் கடை ஒன்றில் நான் டைப் அடிக்கிறேன். ஒரு அண்ணன் தம்பிக்கு நிலத்தை விட்டுக்கொடுக்கிறான் என்றால், ஏன் விட்டுக்கொடுக்கிறான் என்று முதலில் யோசிப்பது எங்கள் தொழில். செத்துப்போனவர் கைநாட்டு வைத்த பத்திரத்தைப் பார்த்திருக்கிறேன். கண்ணீர் விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்ட அத்தை வாசலுக்குப் போனதும் போனில் சிரித்துப் பேசியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் யாராவது என்னிடம் வாஞ்சையாகப் பேச ஆரம்பித்தால் அவருக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். "நீ போலீஸ்ல சேந்திருக்கணும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவரையும் நான் முழுசாக நம்புவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு, நைனா என்று நான் கூப்பிட்ட என் அப்பா காலமான பிறகு, அவருடைய சிநேகிதர் மாதம் தவறாமல் வந்து ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அந்தப் பொட்டிய ஒரு தபா எட்த்து வையேன். தொட்டுப் பாத்துட்டுப் போய்டறேன்."

பொட்டி என்றால் நைனாவின் ஹார்மோனியம். அது பீரோவுக்கு மேல் ஒரு பழைய புடவைக்குள் இருந்தது. ஒரு மாதம் பொட்டி பூட்டியிருக்கிறது, சாவி காணவில்லை என்றேன். இன்னொரு மாதம் பூச்சி மருந்து அடித்திருக்கிறோம் என்றேன். அவர் முகம் சுளிக்காமல் காபியைக் குடித்துவிட்டு, "செரி, அடுத்த தபா பாத்துக்கலாம்" என்று எழுந்து போவார். முகம் சுளிக்காதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. காரியம் ஆக வேண்டியவன்தான் அவ்வளவு பொறுமையாக இருப்பான் என்று நினைத்தேன்.

நைனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நாற்று பிடுங்கினார், வரப்பு வெட்டினார், நெல் மூட்டை தூக்கினார். அந்த உடம்போடு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, பொட்டி முன்னால் உட்கார்ந்து கீர்த்தனை கட்டினார். எங்கள் காலனி கிறிஸ்தவ சபையில் அந்தக் காலத்தில் இருந்த உபதேசியார் சரளி வரிசை வரைக்கும் சொல்லிக்கொடுத்தாராம். மீதியை நைனா கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார். பெருமாள் புறப்பாடு வரும்போது நாகஸ்வரத்தைக் கேட்கத் தெருமுனையில் நிற்பார். அதற்கு மேல் எங்கள் ஆட்கள் போகக்கூடாது என்று வாயால் யாரும் சொல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு எல்லை அங்கே இருந்தது. அங்கே நின்று கேட்ட ராகத்தை வீட்டுக்கு வந்து கட்டைகளில் தேடுவார். கிடைக்கும்வரை சாப்பிட மாட்டார். அம்மா அந்தப் பொட்டியைச் சக்களத்தி என்றே கூப்பிட்டாள்.

இன்று செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் பல சபைகளில் நைனாவின் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். அடக்க ஆராதனை என்றால் அவருடைய ஒரு பாட்டு இல்லாமல் குழியில் மண் விழாது. ஆனால் பாடுகிறவர்களுக்கு அதைக் கட்டியது யார் என்று தெரியாது. ஒரு சாவு வீட்டில் என் பக்கத்தில் நின்று பாடிய அம்மாவிடம் இது யார் கட்டியது என்று கேட்டேன். "யாரோ வெள்ளைக்காரர் காலத்துப் பாட்டும்மா" என்றாள். அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. நைனா நிலம் வைத்துவிட்டுப் போகவில்லை. வீடும் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. பாட்டு ஒன்றுதான் அவர் வைத்துவிட்டுப் போனது. அதுவும் பெயர் தெரியாத பாட்டாகப் போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

அந்தப் பாட்டுகளை அவருடையவை என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நைனாவின் பொட்டி, மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று வேண்டாம் என்று கழித்துப் போட்டது. வரும்போதே ஒரு கட்டை பேசாது. ச ரி க ம ப த நி என்று ஏறினால், நி இருக்க வேண்டிய இடத்தில் புஸ்ஸென்று காற்று மட்டும் வரும். நாங்கள் அதை ஊமைக்கட்டை என்போம். நைனாவின் குரலுக்கு ஒரே சுருதிதான் ஒத்துவரும், அதை மாற்றவும் முடியாது. அதனால் அவர் கட்டிய பாட்டெல்லாம் அந்த இடம் வந்ததும் ஓடையைத் தாண்டுகிற மாதிரி ஒரு தாவு தாவி மேல் ஸ்தாயிக்குப் போய்விடும். சங்கராபரணமாக இருந்தாலும் சரி, கல்யாணியாக இருந்தாலும் சரி, நி இல்லாத சங்கராபரணம், நி இல்லாத கல்யாணி. எங்கள் போதகர் அதை நைனாவின் முத்திரை என்பார். கேட்டால் ஏதோ தொண்டை அடைத்து, பிறகு திறந்துகொண்டது போல இருக்கும்.

சிநேகிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அதே காலனியில் மாரியம்மன் கோயில் பக்கத்துத் தெரு. கூத்துக்கு ஹார்மோனியம் வாசிப்பவர், பாட்டும் கட்டுவார். நான் சின்ன வயதிலிருந்து அவரைக் கூத்து மாமா என்பேன். நைனாவும் அவரும் ஒரே களத்தில் மூட்டை தூக்கியவர்கள். வேலை இல்லாத சாயங்காலங்களில் ஆளுக்கொரு பொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரி மதகுக்குப் போய்விடுவார்கள். ஒருவர் ஏசுவுக்குப் பாட்டுக் கட்டுவார், இன்னொருவர் அம்மனுக்கு. நைனா பாட ஆரம்பிக்கும் முன்னால் ஊமைக்கட்டையை ஒருமுறை அமுக்குவார். புஸ்ஸென்று காற்று வரும். கூத்து மாமா, "ம், உத்தரவு ஆச்சு, எடு" என்பார். இருவரும் சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சந்தேகம் எனக்குத் திடமானது போன ஆடியில். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ் நகரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு அம்மன் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. திடீரென்று அந்தத் தாவல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்த்தையெல்லாம் வேப்பிலையும் சூலமும். ஆனால் தாவல் எங்கள் நைனாவுடையது.

ஜன்னல் வழியாக, கூழ் சொம்போடு நின்ற ஒருவரிடம் கேட்டேன்.

"இது யார் போட்ட பாட்டுங்க?"

"நம்ம கூத்து வாத்தியாரு போட்டதும்மா. உத்திரமேரூர் பக்கத்து ஆளு. இன்னும் நெறைய கீது, செல்லுல தேடிப் பாரு."

தேடிப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்வரை காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்று விடாமல் எல்லாப் பாட்டிலும் அதே இடம், அதே தாவல், நி கிடையாது. அதற்கு முன்பே டீக்கடையில் யாரோ என் காதுபட, "உங்க நைனா பாட்டுன்றீங்க, பாதி கூத்துக்காரர் போட்டதுன்னு இல்ல பேசிக்கறாங்க" என்று சொல்லியிருந்தார்கள். அன்று நான் சண்டைக்குப் போயிருந்தேன். இப்போது அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். நைனாவின் மெட்டுகளை எடுத்து அம்மன் பாட்டாக்கிவிட்டார். நாளைக்கு, இதெல்லாம் முதலில் என்னுடையது என்பார். பொட்டியையும் வாங்கிக்கொண்டால் அவர் சொல்வதுதான் சாட்சி. எங்கள் கடையில் இப்படித்தான் நடக்கும். முதலில் நிலத்தை அனுபவிப்பது, அப்புறம் பட்டா.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அவர் பொட்டியிலும் ஒரு கட்டை ஊமையாக இருந்தால்? அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி என்னைக் கட்டிலில் குந்தச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள். பொட்டி கட்டில் மேலேயே துண்டு போர்த்தி இருந்தது. ஒரு கையால் துருத்தியை இழுத்து, அந்தக் கட்டையை அமுக்கினேன். கணீரென்று பேசியது. ஊமையும் இல்லை ஒன்றும் இல்லை. அப்போதே என் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இந்தப் பொட்டியில் கட்டின பாட்டுக்குத் தாவல் எதற்கு? எங்கள் பொட்டியில் கட்டின பாட்டுக்குத்தான் அது வேண்டும்.

நிமிர்ந்தால் கூத்து மாமா வாசலில் நிற்கிறார்.

"பாப்பாவுக்கும் கை துறுதுறுங்குதா?" என்றார்.

"மாமா, நீங்க போட்ட அம்மன் பாட்டெல்லாம் எந்தப் பொட்டில போட்டது?"

"ஏன், இதுலதான். வேற எதுல?"

"நைனாவோட தாவல் அதுல இருக்குதே."

"இருக்கும், இருக்கும்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொட்டிய எப்போ காட்டுவ?" என்று கேட்டார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிடிபட்டவன் சிரிக்கிற சிரிப்பை நான் தினமும் பார்க்கிறவள்.

அடுத்த வாரமே போதகர் கூப்பிட்டு அனுப்பினார். கல்லறைத் திருநாளன்று, நைனாவின் கல்லறை முன்னால் அவருடைய கீர்த்தனைகளைப் பாடகர் குழு பாட, அதை வீடியோ எடுத்து சபையின் யூடியூப்பில் போடப்போகிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே நைனாவின் பெயர் வரும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயரைப் போட்டுவிட்டால் பிறகு யார் வந்து என்ன சொல்ல முடியும்? கல்லறைத் தோட்டத்தில் கரண்ட் கிடையாது, கீபோர்டு வாசிக்க முடியாது, அதனால் நைனாவின் பொட்டியையே கொண்டுவாருங்கள் என்றார் போதகர்.

நல்ல காரியத்துக்குப் போகிற பொட்டி நொண்டியாகப் போகக்கூடாது என்று நினைத்தேன். காஞ்சிபுரத்தில் ஹார்மோனியம் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து பார்த்து, "ரீடு நாக்கு ஒடிஞ்சி கீதும்மா. அதான் காத்து சும்மா போவுது" என்றார். புது ரீடு போட்டு, துருத்தியில் ஒட்டுப்போட்டு, துடைத்துக் கொடுத்தார். அமுக்கிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து எங்கள் பொட்டியில் நான் கேட்காத அந்த ஒரு சுரம் பளிச்சென்று வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

கல்லறைத் திருநாளன்று வெயில் தாழ்ந்த பிறகு எல்லோரும் கூடினோம். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். சபையில் கீபோர்டு வாசிக்கும் டீச்சர்தான் பொட்டி முன்னால் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் வாசித்துப் பழகியவருக்கு ஒரு கையால் துருத்தி போட வரவில்லை. காற்று ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். பொட்டி ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்தது. பாடகர் குழுவில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

போதகர் சுற்றிப் பார்த்தார். கல்லறைத் தோட்டத்துக் கேட் பக்கத்தில், வெளியே, கூத்து மாமா நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவர் அப்படி வந்து நிற்பார்.

"ஐயா, உள்ள வாங்க. நீங்கதான் காப்பாத்தணும்" என்று போதகர் கூப்பிட்டுவிட்டார்.

நான் போதகர் காதருகே போய், "அவர் வேணாங்கய்யா" என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். வீடியோ எடுக்கிற போன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே வைத்து என்னால் விளக்க முடியவில்லை. சரி, வாசிக்கட்டும், எல்லோரும் பார்க்க வாசிக்கட்டும், முடிந்ததும் இதே கூட்டத்துக்கு முன்னால் கேட்டுவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கூத்து மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கல்லறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாயில் உட்கார்ந்து, துண்டால் கையைத் துடைத்தார். துருத்தியை மெதுவாக இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஊமைக்கட்டையில் விரலை வைத்து அமுக்கினார்.

அது பேசியது.

அவர் கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். பொட்டியைப் பார்த்தார், பக்கவாட்டில் குனிந்து பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாரு பொட்டி?"

"எங்க பொட்டிதான் மாமா. ரிப்பேர் பண்ணிக் கொண்ணாந்தேன்."

"அப்டியா" என்றார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் போதகர் நைனாவின் பெயரைச் சொன்னார். கூத்து மாமா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டை இப்போது நன்றாகப் பேசும், ஆனாலும் அவர் விரல் அந்தப் பக்கம் போகவே இல்லை. குழி இருக்கும் இடம் தெரிந்தவர் இருட்டில் நடக்கிற மாதிரி தாண்டித் தாண்டிப் போனது.

கூட்டத்துக்கு முன்னால் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கூட்டத்துக்கு முன்னால் கேட்க முடியவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு கேட்டருகே அவரைப் பிடித்தேன்.

"மாமா, உங்க பொட்டில அந்தக் கட்டை நல்லாத்தான் கீது. நான் பாத்துட்டேன். அப்பறம் இன்னாத்துக்கு உங்க பாட்டுலயும் தாவல் வருது?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே பேசினார். குற்றம் சாட்டுகிறேன் என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

"நான் பொட்டி வாங்கின புதுசுல அந்தக் கட்டைய வாசிச்சிக்கினுதான் இருந்தேன் பாப்பா. மதவுகிட்ட ரெண்டு பேரும் குந்திக்கினு வாசிப்போம். என் பொட்டி அங்க போவும். அவன் பொட்டி போவாது. அவன் அந்த எடத்துல கைய எட்த்துட்டு சும்மா குந்திக்கினு இருப்பான். பாக்க எனக்கு ஒரு மாரி இருந்துச்சி. அவன் பொட்டில இல்லாதது என் பாட்டுல இருந்தா அவன் எப்டி கூட வருவான்? வுட்டுட்டேன். அவன்கிட்ட சொல்லல. அப்பறம் கை அங்க போவறதே இல்ல. அம்மன் பாட்டுன்னா இன்னா, கூத்துப் பாட்டுன்னா இன்னா."

ஆனாலும் என் புத்தி விடவில்லை.

"அப்ப பொட்டிய எதுக்குக் கேட்டுக்கினே இருந்தீங்க?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். இந்த வயதில் அந்த முகத்தில் வெட்கத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"அந்த ஊமைக்கட்டைய அமுக்கினா காத்து வரும்ல, புஸ்ஸுன்னு. மூட்டைய எறக்கி வெச்சிட்டு உங்க நைனா மூச்சு வுடுவான் பாரு, அதே மாரி. ஒரு தபா கேட்டுட்டுப் போலாம்னு பாத்தேன். செரி வுடு. நல்லதுக்குத்தான பண்ண."

சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். நான் சுண்ணாம்பு வாசனையில் நின்று அழுதேன்.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பொட்டியோடு காஞ்சிபுரத்துக்கு ஓடினேன். பழைய ரீடைத் திரும்பப் போடுங்கள் என்றேன். ரிப்பேர்காரர், அது பித்தளைக் கழிவோடு போய்விட்டது என்றார். அப்படியானால் புது ரீடின் நாக்கை ஒடித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தேகப்படுகிறவர் பார்வை எப்படி இருக்கும் என்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து அன்றுதான் பார்த்தேன்.

"நல்ல ரீட ஒடிக்க என் கைக்கு வராதும்மா. சத்தம் வரக்கூடாது, அவ்ளோதான? காயிதம் வெச்சி அடைச்சித் தரேன்."

சரி என்று வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, நேராகக் கூத்து மாமா வீட்டில் இறங்கினேன். கட்டிலில் வைத்து, புடவையைப் பிரித்து, "பழைய மாதிரியே ஆக்கிட்டேன் மாமா, அமுக்கிப் பாருங்க" என்றேன்.

அவர் துருத்தியை இழுத்து, ஊமைக்கட்டையை அமுக்கிக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். நானும் குனிந்தேன். சத்தம் வரவில்லை. ஆனால் காற்றும் வரவில்லை. காகிதம் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருந்தது. செத்த மரக்கட்டையை அமுக்கின மாதிரி இருந்தது. அவர் விரலை எடுக்காமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதேதான் பாப்பா. அதே மூச்சு. உங்க நைனாதான்."

பொய் என்று எனக்குத் தெரியும். பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அந்த ஒரு பொய்யை மட்டும் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பொட்டியை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.